ஒரு மேஜை காலியாகும் வரை

எர்மானோ ஓல்மியின் 'இல் போஸ்தோ' (1961) படத்தில் ஒரு தேர்வு வருகிறது. மிலான் நகரத்தில் ஒரு பெரிய நிறுவனம். மேடா என்ற சின்ன ஊரிலிருந்து ரயிலேறி வந்த தொமேனிக்கோ, தன்னைப் போன்ற பலரோடு ஒரு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் கொடுப்பது மாதிரி ஒரு கணக்கு கொடுக்கிறார்கள். பிறகு முட்டியை மடக்கி உட்கார்ந்து எழச் சொல்கிறார்கள். பிறகு ஒருவர், குடிப்பீர்களா, எதிர்பாலினத்தவரைக் கண்டால் வெறுப்பு வருமா என்கிற ரீதியில் கேள்விகள் கேட்கிறார். (உளவியல் நிபுணராக வருபவர் துல்லியோ கெசிச். நிஜத்தில் அவர் திரைப்பட விமர்சகர். விமர்சகர்களுக்கு ஏற்ற வேடம்தான்.)

உனக்கு என்ன வேலை தெரியும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. அது அவர்களுக்கும் தெரியும். அதைப் பற்றி இரண்டு தரப்புக்கும் வருத்தமில்லை.

எங்கள் குழுவுக்கு ஃப்ரெஷர்களை எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்த சமயத்தில் இந்தப் படத்தைப் பார்த்தேன். பார்த்து முடித்ததும் முதலில் தோன்றியது இதுதான்: வேலை கிடைக்காத இளைஞனைப் பற்றி நம்மிடம் எத்தனையோ படங்கள் இருக்கின்றன. வேலையே தெரியாத இளைஞனைப் பற்றி ஒன்றாவது இருக்கிறதா? யோசித்துப் பார்த்தேன். எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

1980-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த வருஷத் தீபாவளியை ஒட்டி பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு', பாரதிராஜாவின் 'நிழல்கள்' என்று இரண்டு படங்கள் வந்தன. இரண்டிலும் படித்துவிட்டு வேலையில்லாமல் திரியும் இளைஞர்கள். (நிழல்களால் உருப்படியாக முதல் வேலை கிடைத்தது வைரமுத்துவுக்கு. அவருடைய முதல் திரைப்பாடல் அதில்தான்.) டெல்லியில் பட்டினி கிடக்கும் ரங்கன் தத்துவம் படித்தவன், பாரதியைக் கரைத்துக் குடித்தவன். நேர்காணலில் எதிரே இருப்பவர்களைவிட அவன்தான் அறிவாளி என்பதில் நமக்குச் சந்தேகமே வருவதில்லை. ராமின் 'கற்றது தமிழ்' (2007) பிரபாகர் தமிழில் எம்.ஏ. இரண்டாயிரம் ரூபாய்ச் சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிறான். அவனுக்குத் தமிழ் தெரியும், உலகத்துக்குத்தான் அது வேண்டாம்.

வங்காளத்திலும் இப்படித்தான். சத்யஜித் ராயின் 'பிரதித்வந்தி'யில் (1970) கடந்த பத்தாண்டின் மிக முக்கியமான நிகழ்வு எது என்று சித்தார்த்தனிடம் கேட்கிறார்கள். நிலவில் மனிதன் இறங்கியதைச் சொல்லாமல் வியட்நாம் போரைச் சொல்கிறான். அடுத்த கேள்வி, நீ கம்யூனிஸ்டா? 'ஜன ஆரண்ய'த்தில் (1976) நிலவின் எடை என்ன என்று கேட்கிறார்கள். ராய் இந்த இடங்களில் அசரவைக்கிறார். ஆனால் அவரும் ஒரு பக்கச் சார்பை முதலிலேயே முடிவுசெய்துவிடுகிறார். கேட்பவன் முட்டாள், பதில் சொல்பவன் தகுதியானவன்.

இந்தப் படங்கள் பொய் என்று சொல்லவரவில்லை. லஞ்சமும் சிபாரிசும் சாதியும் இருந்தன, இருக்கின்றன. ஆனால் நாயகனுக்கு எல்லாம் தெரியும் என்று ஆரம்பித்துவிட்டால், முதல் வேலை என்பது மானப் பிரச்சினையாக மட்டும் மிஞ்சுகிறது. முதல்முறை வேலைக்குப் போகிறவனின் அசல் சங்கடம் வேறு. காட்டுவதற்கு அவன் கையில் ஒன்றும் இல்லை. 'ரெண்டு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்' என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறது. அந்த ரெண்டு வருஷத்தை எங்கே போய் வாங்குவது?

ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். 'இல் போஸ்தோ' வந்த அதே 1961-இல்தான் இங்கே அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. வேலை தெரியாதவனை உள்ளே விட்டு, கொஞ்சம் உதவித்தொகை கொடுத்து, கற்றுக்கொடு என்று நிறுவனங்களிடம் சொன்ன சட்டம். 1973-இல் அதில் பட்டதாரிகளையும் சேர்த்தார்கள். பட்டம் வாங்கியவனுக்கும் வேலை தெரியாது என்று நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது. அதற்கு ஏழு வருஷம் கழித்து வந்த ரங்கன் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி 'வேலையில்லா பட்டதாரி'. 2014-இல் வேல்ராஜ் இயக்கியது. என் தலைமுறைப் பொறியாளர்கள் இந்தப் படத்தைப் படமாகப் பார்க்கவில்லை, குலதெய்வமாகப் பார்த்தார்கள். நானும் விசிலடித்தவன்தான். சிவில் படித்த ரகுவரன், படித்த படிப்புக்கான வேலைதான் வேண்டும் என்று வருஷக்கணக்காகக் காத்திருக்கிறான். ஐடியில் இருக்கும் தம்பி சம்பாதிக்கிறான். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஷாலினி கை நிறையச் சம்பாதிக்கிறாள். அப்பா குத்திக்காட்டிக்கொண்டே இருக்கிறார்.

சரி, அவனுக்குக் கடைசியில் வேலை எப்படிக் கிடைக்கிறது? அம்மா இறந்துபோகிறாள். அவளுடைய நுரையீரலை அனிதா என்ற பெண்ணுக்குப் பொருத்துகிறார்கள். அனிதாவின் அப்பா கட்டுமான நிறுவனம் நடத்துகிறார். அங்கே ரகுவரனுக்கு வேலை. படம் வந்த சமயத்தில் எல்லோரும் இந்த இடத்தைத்தான் கிண்டலடித்தார்கள். 'வேலை வேணும்னா கிட்னியை விக்கணுமாடா?' என்று எங்கள் அறையில் ஓடிய ஜோக் இன்னும் ஞாபகம் இருக்கிறது. சென்டிமெண்ட், லாஜிக் இல்லை, வழக்கமான அம்மா செத்துப்போகும் காட்சி.

இப்போது எனக்கு இதுதான் படத்திலேயே உண்மையான இடமாகத் தெரிகிறது. வில்லனிடம் மூச்சுவிடாமல் வசனம் பேசுகிற, அப்பா பணத்தில் வந்தவனைக் கிழித்துத் தொங்கவிடுகிற ரகுவரன், தானே ஒரு குடும்ப உறவின் வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறான். எதிரில் நிற்பவன் அப்பாவால் முதலாளி ஆனவன். இவன் அம்மாவால் வேலைக்காரன் ஆனவன். எதிராளியின் அப்பாவைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டு, தன் அம்மாவைக் கண்ணீரால் மூடிவிடுகிறது படம். அந்த உறவை சிபாரிசு என்று யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் அவ்வளவு பெரிய சாவு தேவைப்பட்டிருக்கிறது. சின்ன உதவியாக இருந்திருந்தால் ரகுவரன் கௌரவமாக அதை வாங்கிக்கொண்டிருக்க முடியாது.

அடுத்து இன்னொன்று நடக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மறுநொடி ரகுவரனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு மேஸ்திரியிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுக் கற்றுக்கொள்வதாக எனக்கு ஒரு காட்சியும் நினைவில்லை. பெரிய திட்டம், அவன்தான் பொறுப்பு. நெருக்கடி வந்ததும் வேலையில்லாத பொறியாளர்களுக்கு இணையத்தில் அழைப்பு விடுகிறான். கூட்டங்கூட்டமாக வருகிறார்கள். திரையரங்கில் அந்தக் காட்சிக்குக் கூரை பிய்ந்தது. அந்தப் பையன்கள் எல்லோரும் படம் முடிந்து எங்கே போனார்கள்? அவர்களுக்கு நுரையீரல் கொடுத்த அம்மா இல்லையே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் உண்டு. கல்லூரியிலேயே ஆஃபர் லெட்டர் வாங்கியவன் நான். 2009-இல் படிப்பு முடிந்தது. அமெரிக்காவில் வங்கிகள் விழுந்ததற்கும் எங்கள் சேரும் தேதி தள்ளிப்போவதற்கும் உள்ள சம்பந்தத்தை வீட்டில் விளக்கிச் சொல்ல முடியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த வேலை தேடல், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மூணு வருஷத்துக்கு ஒருமுறை கார்டைப் புதுப்பிப்பதுதான். அதில் பதிவு மூப்பு என்று ஒன்று உண்டு. காத்திருந்ததே ஒரு தகுதி. எனக்கு அதுவும் இல்லை.

வாக்-இன்களுக்குப் போனேன்.

"எக்ஸ்பீரியன்ஸ் எவ்வளவு?"

"ஃப்ரெஷர் சார்."

"ரெண்டு வருஷம்னு போட்டிருக்கோமே, பார்க்கலையா?"

பார்த்துவிட்டுத்தான் போனேன். எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். வெளியே டீக்கடையில் கன்சல்டன்சிக்காரர் ஒருவர், "ரெண்டு வருஷம் போட்டுத் தர்றேன் தம்பி, சம்பள ஸ்லிப்போட" என்றார். நான் வாங்கவில்லை. நேர்மை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட பணம் என்னிடம் இல்லை, அதுதான் காரணம்.

கடைசியில் அறைத்தோழனின் அத்தை பையன் தன் மேனேஜரிடம் என் ரெஸ்யூமைக் கொடுத்தான். இன்டர்வியூ பத்து நிமிஷம்கூட நடக்கவில்லை. பின்னாளில் ஜூனியர்களுக்கு இதைச் சொல்லும்போது, போர்டில் நான் எழுதிய புரோகிராமைப் பார்த்து மேனேஜர் அசந்துபோனார் என்று ஒரு காட்சியைச் சேர்த்துக்கொண்டேன். அத்தை பையனைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். அவனுக்குச் சாவுக்காட்சியும் இல்லை, அதனால் சுலபமாக இருந்தது.

ஓல்மியிடம் திரும்புகிறேன். அவர் எடிசன்வோல்டா என்ற மின் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அதற்காகத் தொழில் சார்ந்த ஆவணப்படங்கள் எடுத்துப் பழகியவர். அலுவலகத்தின் உள்ளே நடப்பது அவருக்குக் கதை கேட்டுத் தெரிந்ததல்ல. அதனால்தான் தேர்வில் ஜெயிப்பதோடு படம் முடியவில்லை. தொமேனிக்கோ தேர்வாகிறான். ஆனால் குமாஸ்தா மேஜை காலியில்லை. அதுவரைக்கும் பியூனுக்கு உதவியாளாக வராந்தாவில் உட்கார் என்கிறார்கள். சீருடை தருகிறார்கள். அவன் உட்கார்ந்திருக்கிறான். இங்கேயும் கற்றுக்கொடுக்கும் ஆள் யாரும் இல்லை. வராந்தாவில் வயதான பியூன் எப்படிப் பொழுதைக் கழிக்கிறார் என்பதுதான் அவனுக்குக் கிடைக்கும் பயிற்சி.

தேர்வன்று பார்த்த அந்தோனியெத்தாவும் தேர்வாகிறாள். டைப்பிஸ்ட் வேலை, வேறு கட்டடம். தேர்வு நாளின் மதிய இடைவேளையில் இருவரும் காபி குடித்தார்கள், சாலையைக் கைகோத்து ஓடிக் கடந்தார்கள். வேலை கிடைத்த பிறகு சந்திப்பதே அரிதாகிவிடுகிறது. நம் படங்களில் வேலை செய்யும் பெண் என்றால் 'அவள் ஒரு தொடர்கதை' (1974) கவிதா மாதிரி குடும்பத்தைத் தோளில் சுமந்தபடிதான் அறிமுகமாவாள். ஷாலினியும் டாக்டராகத்தான் வந்து இறங்குகிறாள். அவர்கள் முதல் வேலையை எப்படி வாங்கினார்கள், எந்த அறையில் யார் முன்னால் உட்கார்ந்தார்கள் என்பதில் நம் படங்களுக்கு அக்கறை இருந்ததில்லை.

போன வருஷம் அப்படியொரு பெண் என் முன்னால் உட்கார்ந்திருந்தாள். தெற்கே ஒரு சின்ன ஊர்க் கல்லூரி. சர்வரில் ஒரு பிரச்சினை வந்தால் எங்கிருந்து ஆரம்பிப்பாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"தெரியாது சார். எங்களை யாரும் சர்வரைத் தொட விட்டதில்ல. ஒருதடவை காட்டினா பண்ணிருவேன்."

அன்று முழுக்க நான் கேட்ட பதில்களில் எனக்கு நம்பிக்கை வந்த பதில் அதுதான். அடுத்து வந்த பையன் அதே கேள்விக்கு நாலு நிமிஷம் பேசினான். பாதி தப்பு. ஆனால் ரகுவரன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பேசினான். கூட இருந்த நண்பர் அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே 'கான்ஃபிடன்ஸ் இல்லை' என்று எழுதினார். நண்பர் நல்லவர். அவரும் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர், தெரியாது என்று சொல்பவன் நாயகன் இல்லை. நான் ஒரு தடவை, "ட்ரெயின் பண்ணிக்கலாமே" என்றேன். "நமக்கு டைம் ஏது?" என்றார். பையனை எடுத்தோம். அதற்குமேல் நான் வாதாடவில்லை.

'இல் போஸ்தோ'வின் கடைசிப் பகுதியை அதற்குப் பிறகு மறுபடி போட்டுப் பார்த்தேன். புத்தாண்டு இரவு, நிறுவனம் நடத்தும் விருந்து. அந்தோனியெத்தா வருவாள் என்று தொமேனிக்கோ போகிறான். அவள் வரவில்லை. காகிதத் தொப்பியோடு ஆடிக் களிக்கிறான், அல்லது அப்படிக் காட்டிக்கொள்கிறான். சட்டென்று வெட்டினால் ஒரு மேஜை. அதில் இருந்த குமாஸ்தா இறந்துபோயிருக்கிறார். அவருடைய இழுப்பறையைக் காலிசெய்கிறார்கள். உள்ளே அவர் எழுதிவந்த ஏதோ நாவலின் காகிதங்கள்.

தொமேனிக்கோவை அந்த மேஜையில் உட்கார வைக்கிறார்கள். அது முன்வரிசை. பின்னால் இருப்பவர் எழுந்து, நான் இத்தனை வருஷமாக இங்கே இருக்கிறேன் என்கிறார். சரி என்று அவரை முன்னால் அனுப்புகிறார்கள். உடனே அவருக்குப் பின்னால் இருப்பவர்களும் தங்கள் பொருட்களைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக முன்னேறுகிறார்கள். தொமேனிக்கோவுக்குக் கடைசி வரிசையில், வெளிச்சம் குறைந்த மூலையில் இடம் கிடைக்கிறது. பதிவு மூப்பு. என் அப்பா இந்தக் காட்சியைப் பார்த்திருந்தால் நியாயம்தானே என்று சொல்லியிருப்பார்.

பக்கத்தில் நகலெடுக்கும் இயந்திரம் ஓட ஆரம்பிக்கிறது. தொமேனிக்கோவின் கண்கள் மட்டும் அந்தச் சத்தம் வரும் திசைக்குப் போகின்றன. சத்தம் ஏறிக்கொண்டே போகிறது.