‘சக்தி’ என்ற சொல்லால் வந்த குழப்பம்

வேலூர் மருந்துக் கடைகளில் ‘நோய் எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்’ என்று எழுதிய புட்டிகள் வரிசையாக நிற்கின்றன. 2020-க்குப் பின் அவற்றின் மவுசு இன்னும் கூடியது. இதே ஊரின் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971-இல் சிறுநீரக மாற்று அறுவை வெற்றிகரமாக நடந்தது. இந்தியாவில் அதுவே முதல் வெற்றி என்பர். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரோ அந்தச் ‘சக்தி’யை அடக்கி வைக்கவே தொடர்ந்து மருந்து உண்கிறார். ஆக, சொல்லில் ஏதோ கோளாறு இருக்கிறது.

நான் இயற்பியல் கற்பிப்பவன். எங்கள் பாடத்தில் சக்தி என்பது ஜூலில் அளந்து சொல்லக்கூடியது. உடலின் நோய் எதிர்ப்பு அப்படி ஒரே எண்ணில் அடங்காது. பலவகை உயிரணுக்களும் புரதங்களும் சேர்ந்து நடத்தும் காரியம் அது. நம் பத்திரிகைகளின் மருத்துவக் கட்டுரைகள் அதைக் கோட்டை காக்கும் படையாக வருணித்து நின்றுவிடுகின்றன. படை பெருத்தால் நல்லதுதானே என்று வாசகர் முடிவு கட்டுவதில் வியப்பில்லை.

அந்த வருணனை தோற்கும் இடம் சிறுநீரக அழற்சி. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் வேலை செய்பவர் கையில் கத்திக் கீறல் விழுவது புதிதல்ல. அதில் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி குடியேறலாம். நீரிழிவுக்காரருக்கு அது ஆறாப் புண்ணாகவும் நிலைக்கலாம். இக்கிருமியை அடக்க 1959-இல் மெதிசிலின் வந்தது. 1961-இலேயே அதற்கு மசியாத வகை பிரிட்டனில் தென்பட்டது. அவ்வகை தொற்றிய சிலருக்குச் சிறுநீரகம் வேகமாகப் பழுதானதை 1995-இல் ஜப்பானில் கோயாமாவும் சக ஆய்வாளர்களும் விவரித்தனர்.

நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அந்நோயாளிகளின் வடிகட்டிகளில் எதிர்ப்பொருள்களான ஐஜிஜி, ஐஜிஏ ஆகியவையும் சி3 என்ற புரதமும் படிந்திருந்தன. இப்படிப் படிந்த இடத்துக்கு வெள்ளணுக்கள் விரைகின்றன. அவை கக்கும் பொருள்கள் வடிகட்டியின் சவ்வையே புண்ணாக்குகின்றன. சிறுநீரில் இரத்தமும் புரதமும் கசிகின்றன. முகமும் காலும் வீங்குகின்றன. (வீக்கம் என்றதும் எங்கள் பக்கத்தில் பாலாற்றுத் தண்ணீரைத்தான் குற்றம் சொல்வார்கள். அந்த வழக்கு வேறு.)

கிருமியின் நச்சுப் புரதம் டி-அணுக்களைக் கூட்டங்கூட்டமாகக் கிளப்பிவிடுகிறது என்பது கோயாமா குழுவின் ஊகம். கவர்ச்சியான ஊகம்தான். ஆனால் மெதிசிலினுக்கு மசியும் வகையும் இதே அழற்சியை உண்டாக்குகிறது. எனவே மருந்தை எதிர்க்கும் குணமே சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று எழுதுவது தவறு. மசியாத கிருமி நெடுநாள் தங்குகிறது. அதுவரை எதிர்ப்பொருளும் சுரந்துகொண்டே இருக்கிறது.

மருத்துவரின் சங்கடமும் இங்கேதான். ஸ்டீராய்டு கொடுத்து அழற்சியை அடக்கினால், உயிரோடிருக்கும் கிருமி பரவக்கூடும். ஆகவே முதலில் சீழை வடிப்பார். கிருமியைச் சோதித்து, அது எந்த ஆன்டிபயாடிக்குக்கு மசிகிறதோ அதைக் கொடுப்பார். பழைய சீட்டைக் காட்டி நான்கு மாத்திரை வாங்கி விழுங்கி, மேலுக்குச் ‘சக்தி’ டானிக்கும் குடித்துக் காத்திருப்பவர் இந்த நாட்களை இழக்கிறார்.

‘நோய் எதிர்ப்பு இயக்கம்’ என்று எழுதிப் பார்க்கலாம். கட்சிக்காரர்கள் சண்டைக்கு வராவிட்டால் சரி. புண் வந்த சில வாரங்களில் சிறுநீர் பால் விடாத தேநீர் நிறத்தில் போனால் உடனே பரிசோதிக்க வேண்டும் என்ற ஒரு வரியையாவது அக்கட்டுரைகள் சேர்த்துக்கொள்ளட்டும்.