மேரியனின் சித்திரங்களும் சுயாதீனக் கலைஞரின் சமூக நிலையும்

இயற்கையை வரையும் சித்திரக் கலைஞர் சமுதாய முரண்பாடுகளுக்கு அப்பாற்பட்டவர் என்ற எண்ணம் பரவலாக உண்டு. பூவையும் பூச்சியையும் வரைபவருக்கு வர்க்கமேது, அரசியலேது என வினவுவோர் உளர். மரியா சிபில்லா மேரியனின் (1647–1717) வாழ்வையும் ஆக்கங்களையும் நுணுகி நோக்குமிடத்து இக்கருத்தின் குறைபாடு புலனாகும்.

யேர்மனியின் பிராங்பேர்ட் நகரிற் பிறந்த மேரியன், மலரோவியரான தம் மாற்றாந்தந்தையிடம் தொழில் பயின்றார். பதின்மூன்றாவது வயதிலேயே பட்டுப்புழுக்களை வளர்த்து அவற்றின் உருமாற்றத்தை அவதானித்தார். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகவே தோன்றுவன எனக் கற்றோரிற் பலரும் நம்பிய காலம் அது. முட்டை, புழு, கூட்டுப்புழு, நிறையுடலி ஆகிய நிலைகளை உணவுத் தாவரத்தோடு ஒரே பக்கத்தில் இணைத்தமையே மேரியனின் தனிச்சிறப்பாகும். உயிரைத் தனிப்பொருளாகவன்றி உறவுகளின் நடுவே கண்ட பார்வை இது.

அவர் அரசவையிலோ பல்கலைக்கழகத்திலோ ஊதியம் பெற்றவரல்லர். ஓவியங்களை விற்றும் மாணவியருக்குக் கற்பித்தும் சீவித்தார். 1699இல் தம் ஓவியங்களை விற்றுப் பணந்திரட்டி, இளைய மகளுடன் ஒல்லாந்தரின் குடியேற்றநாடாயிருந்த சுரினாமுக்குக் கப்பலேறினார். நோயுற்று 1701இல் மீண்டார். சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் பற்றிய தமது நூலை, 60 சித்திரத் தகடுகளுடன் 1705இல் அம்ஸ்ரடாமில் தாமே வெளியிட்டார். அதன் செலவை ஈடுசெய்ய முன்பதிவு செய்வோரைத் தேடவேண்டியிருந்தது. புரவலரிடமிருந்து விடுபட்ட கலைஞர் சந்தையிலிருந்து விடுபடவில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அச்சுதந்திரம் பிறரது அடிமைத்தனத்தின் மீதும் தங்கியிருந்தது. சீனியைத் தவிர வேறொன்றைத் தேடியமைக்காகத் தோட்டத்துரைமார் தம்மை எள்ளி நகையாடியதாக மேரியன் எழுதியுள்ளார். ஆயினும் காட்டில் அவருக்கு வழிவெட்டியோர் அடிமைகளே. தாவரங்களின் பயன்களை எடுத்துரைத்த பூர்வகுடியினரும் ஆபிரிக்க அடிமைகளும் பெயரின்றியே நூலில் இடம்பெறுகின்றனர்.

நூலின் 45ஆவது தகடு, நமது வீட்டு முற்றங்களிலும் பூக்கும் மயிற்கொன்றையைச் சித்திரிக்கிறது. செம்மஞ்சட் பூக்களும் புழுவும் அந்துப்பூச்சியும் கண்ணைக் கவர்வன. அதற்கு மேரியன் எழுதிய விளக்கமோ நெஞ்சை உலுக்குவது. ஒல்லாந்த எசமானரின் கொடுமைக்காளான பெண்கள், தம் பிள்ளைகளும் அடிமைகளாகாதிருக்க, இச்செடியின் விதைகளைக் கொண்டு கருவைச் சிதைத்தனர். இதனை அப்பெண்களே தமக்குக் கூறியதாக அவர் பதிவுசெய்கிறார்.

பூச்சிக்கும் செடிக்குமுள்ள உறவைத் தீட்டிய தூரிகை, செடிக்கும் அப்பெண்களுக்குமுள்ள உறவைத் தீட்டவில்லை. அதனை எழுத்துக்கே விட்டுவிட்டது. இது மேரியனின் எல்லை. எனினும் கேட்டதை மறைக்காது எழுதியமை அவரது நேர்மை. சித்திரத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சுவரில் மாட்டி, விளக்கத்தை மறந்துவிடும் இரசனையே தவறானது. அவ்விரண்டையும் ஒருங்கே வாசிப்பது விமர்சனத்தின் கடமையாகும்.