ஐந்து சொல் டாக்குமென்டேஷன்

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற நெறிமுறையை வெளியிட்டது. ஏஐ ஏஜென்ட், வெளியே இருக்கிற ஒரு டூலை எப்படிக் கூப்பிடணும், டூல் தன்னைப் பற்றி ஏஜென்டிடம் எப்படிச் சொல்லணும் என்பதற்கான பொது ஏற்பாடு அது. கூடவே மாதிரிக்குச் சில சர்வர்களையும் கொடுத்தார்கள். அதில் ஒன்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கானது. அதில் இருப்பது ஒரே டூல், பெயர் 'க்வெரி'. ஏஜென்டுக்கு அது தரும் விளக்கம் ஆங்கிலத்தில் ஐந்தே சொல். தமிழில் சொன்னால், 'படிக்க மட்டுமான எஸ்க்யூஎல் க்வெரியை இயக்கு'. அவ்வளவுதான்.

சுருக்கமா இருக்கே, நல்லதுதானே என்று தோணும். எனக்கு அதில் இரண்டு குறை தெரிகிறது. முதல் குறை பலருக்கும் தெரிந்தது. இரண்டாவதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை.

முதல் குறை, 'படிக்க மட்டும்' என்ற வாக்குறுதி. உள்ளே சர்வர் செய்வது இது: படிக்க மட்டுமான டிரான்சாக்‌ஷனைத் திறக்கும், ஏஜென்ட் கொடுத்ததை அப்படியே ஓட்டும், கடைசியில் ரோல்பேக் செய்யும். கொடுத்த வரியிலேயே முதலில் 'கமிட்' என்று போட்டு, அரைப்புள்ளி வைத்து, பின்னால் அழிக்கும் கட்டளையைச் சேர்த்தால்? டிரான்சாக்‌ஷன் அங்கேயே முடிந்துவிடும், மீதி வெளியே ஓடும். 2025-ல் டேட்டாடாக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். அந்த ஆண்டே இந்த சர்வர் பழைய மாதிரிகளின் கிடங்குக்குப் போய்விட்டது. இதற்கு மருந்து டாக்குமென்டேஷனில் இல்லை. படிக்கும் உரிமை மட்டும் உள்ள டேட்டாபேஸ் பயனரைக் கொடுத்தால் போதும். பூட்டு போட வேண்டிய இடத்தில் 'தொடாதே' என்று போர்டு மாட்டின கதை இது.

இரண்டாவது குறை, அந்த ஐந்து சொல் டூலைப் பற்றிப் பேசுகிறது, டேட்டாவைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. எஸ்க்யூஎல் எழுத ஏஜென்டுக்கு நாம் சொல்லித்தர வேண்டாம், நம்மைவிட நல்லாவே எழுதும். அட்டவணையில் எழுதாமல் விட்டது என்ன என்பதுதான் அதற்குத் தெரியாது.

எங்க ஊரையே எடுத்துக்குங்க. மாவட்ட வாரியான மக்கள்தொகை அட்டவணை ஒன்று இருக்குன்னு வைப்போம். 'ராசிபுரத்தில் 1991-ல் எத்தனை பேர்?' என்று ஒருத்தர் கேட்கிறார். ராசிபுரம் நாமக்கல் மாவட்டம் என்பது ஏஜென்டுக்குத் தெரியும். மாவட்டம் நாமக்கல், ஆண்டு 1991 என்று தேடுகிறது. பூஜ்ஜியம் பதிவு. 'தகவல் இல்லை' என்று பதில் வருகிறது. தகவல் இருக்குங்க, சேலம் மாவட்டத்துக்குள்ளே இருக்கு. நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997 ஜனவரி 1-ல்தான். க்வெரியில் இலக்கணப் பிழை இல்லை, எரர் எதுவும் வரவில்லை. பதில் மட்டும் தப்பு.

இன்னொன்று, பணம் சம்பந்தப்பட்டது. இந்தப் பக்கம் குச்சிக்கிழங்கை டன் கணக்கில், மாவுச்சத்து பாயிண்ட் பார்த்து விலை பேசுவார்கள். அதிலிருந்து வரும் ஜவ்வரிசிக்கு 90 கிலோ மூட்டைதான் கணக்கு. அரசின் அக்மார்க்நெட் விலைப் பட்டியலோ குவிண்டாலில் போகும். மூன்றையும் ஒரே அட்டவணையில் கொட்டி, நெடுவரிசைக்கு 'விலை' என்று மட்டும் பெயர் வைத்தால் என்ன ஆகும்? கணக்குக்கு மூட்டை 4,500 ரூபாய் என்று வைப்போம். கிலோ 50 ரூபாய். அதையே குவிண்டால் விலை என்று ஏஜென்ட் எடுத்துக்கொண்டால் கிலோ 45. நூறு மூட்டைக்கு 45,000 ரூபாய் வித்தியாசம். மண்டியில் கணக்கு எழுதுறவர் இந்தத் தப்பைச் செய்யமாட்டார், அவருக்கு யாரும் சொல்லவே வேண்டாம். அவருக்குத் தெரிந்தது எழுத்தில் இல்லாததால் ஏஜென்டுக்குப் போய்ச் சேராது.

இதில் வருத்தம் என்னன்னா, எழுதி வைக்க இடம் இருந்தது. அட்டவணைக்கும் நெடுவரிசைக்கும் குறிப்பு சேர்க்க 'கமெண்ட் ஆன்' என்ற கட்டளை போஸ்ட்கிரெஸில் ரொம்ப காலமா இருக்கு. இந்த சர்வர் அட்டவணையின் அமைப்பை ஏஜென்டுக்குத் தனியாகத் தரவும் செய்கிறது. ஆனால் தருவது நெடுவரிசையின் பெயரும் வகையும் மட்டும். 'விலை, எண்' என்று போகும். யாராவது பொறுப்பா 'இது 90 கிலோ மூட்டைக்கு' என்று குறிப்பு எழுதியிருந்தாலும் அது ஏஜென்டின் கண்ணில் படாது.

இது வெறும் மாதிரி சர்வர், எந்த டேட்டாபேஸுக்கும் பொருந்தணும், அதில் குச்சிக்கிழங்கையா எழுத முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பொதுவான டூலில் ஊர்க் கதை இருக்க முடியாது. ஆனால் மாதிரி என்று ஒன்றைக் கொடுத்தால் ஜனங்க அதைப் பார்த்துத்தான் எழுதுவாங்க. ஐந்து சொல் மாதிரி, ஐந்து சொல் டூல்களைத்தான் பெற்றெடுக்கும்.

நீளமா எழுதினால் மட்டும் சரியாகிடாது. விளக்கம் முழுக்க ஏஜென்டின் நினைவிடத்தைத் தின்னும், முக்கியமானது நடுவில் அமுங்கிப்போகும். நான் எழுதுவதாக இருந்தால் இவ்வளவு போதும்:

'ஜவ்வரிசி விலை 90 கிலோ மூட்டைக்கு, கிழங்கு விலை டன்னுக்கு. 1997-க்கு முந்தைய நாமக்கல் பகுதி சேலம் மாவட்டத்தின் கீழ் இருக்கும். பதிவு எதுவும் வரவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்டாதே. ஊர்ப் பெயரின் வேறு எழுத்துக்கூட்டலிலும் பழைய மாவட்டத்திலும் தேடு. ஒரு தடவைக்கு 200 பதிவுகள் மட்டும் கிடைக்கும். சரியாக 200 வந்தால் மீதி இருக்கலாம்.'

இதில் எஸ்க்யூஎல் பற்றி ஒரு வரிகூட இல்லை, கவனிச்சீங்களா? எழுத உட்காரும் முன் அந்த டேட்டாவை தினமும் பதிவு செய்கிறவரிடம் ஒரு மணி நேரம் பேசுங்க. 'புதுசா வர்றவங்க எதுல தப்பு பண்ணுவாங்க?' என்று கேளுங்க. அவர் சொல்கிற நாலு விஷயம்தான் உங்க டாக்குமென்டேஷன்.