இறுதிப் படுக்கையும் இசையும்: ஒரு விமர்சன நோக்கு

தீராத நோயாளிக்கு வைத்தியம் யாது செய்தல் கூடும் எனும் வினாவுக்குச் செயல்வடிவில் விடையளித்தவர் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார். 1967இல் இலண்டனில் அவர் நிறுவிய புனித கிறிஸ்தோபர் இல்லம், நோவு என்பது உடலின் நோவு மாத்திரமன்று, உளம், உறவு, ஆன்மிகம் என்பனவும் அதனுள் அடங்கும் என்ற கருத்தின்மீது எழுந்ததாகும். இக்கருத்து ஏற்கப்பட்டதும் மருந்தின் அருகே இசையும் இடம்பெற்றதில் வியப்பில்லை. மொன்றியல் றோயல் விக்டோரியா வைத்தியசாலையில் 1975இல் நோவுதணிப்புப் பிரிவைத் தொடக்கிய வைத்தியர் பல்பூர் மவுண்டும், இசைச்சிகிச்சையாளர் சூசன் மன்றோவும் 1978இல் கனேடிய மருத்துவச் சங்கச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை இத்துறையின் முன்னோடி எழுத்துக்களுள் ஒன்றெனலாம்.

இச்சிகிச்சை மரபு நோயாளிக்குப் பழக்கமான பாடலையே பெரிதும் நாடுகின்றது. இளமையிற் கேட்ட பாட்டு நினைவைக் கிளறும். நினைவு பேச்சைத் திறக்கும். மனைவியோடும் மக்களோடும் சொல்லாது விட்டவற்றைச் சொல்ல ஒரு வாயில் கிடைக்கும். ஆனால் 1992இல் அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்து மிசூலாவுக்குத் தம் பணியைக் கொண்டுசென்ற தெரேஸ் ஷ்ரோடர்-ஷேக்கர் இதற்கு நேரெதிரான வழியை வகுத்தார். ஹார்ப் எனும் நரம்புக் கருவியும் மனிதக் குரலுமே அவருடைய சாதனங்கள். நோயாளியின் மூச்சையும் நாடியையும் கவனித்து, அவற்றுக்கு இயைய இசை நடத்தப்படும். அவ்விசை பெரும்பாலும் நோயாளி அறியாததாயிருத்தல் வேண்டும் என்பர். அறிந்த பாட்டு உலகத்தோடு பிணிக்கும். அறியாத இசையோ விடுவிக்கும் என்பது இதன் உட்கருத்து.

இவ்விரு வழிகளும் இரண்டு உத்திகள் என்பதிலும், மரணம் பற்றிய இரண்டு கொள்கைகள் என்றே கொள்ளத்தக்கன. முன்னையது சாகின்றவரை இறுதிவரை ஒரு குடும்பத்தவராக, ஒரு வரலாறுடையவராகக் காண்கின்றது. பின்னையது அவரைப் பயணம் புறப்பட்டுவிட்ட தனியொருவராகக் காண்கின்றது. எவர் எக்கட்டத்தில் நிற்கின்றார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இசைப்பவரிடம் விடப்படுவதே பின்னைய நெறியின் பெருங்குறையாகும். வாழ விரும்பும் ஒருவரை விடுவிக்க முனைவது கருணையாகாது.

யாழ்ப்பாணத்துச் சைவ வழக்கு இவ்விரண்டிலும் அடங்காதது. உயிர் பிரியுந் தறுவாயில் அருகிருந்து சிவபுராணம் ஓதுவர். இறந்தபின் சுண்ணமிடிக்கையில் திருப்பொற்சுண்ணம் பாடுவர். ஒப்பாரியோ இருப்போரின் துயரத்துக்கு உரியது. இவற்றுள் சிவபுராணம் பழகிய பாட்டுத்தான். எனினும் அது தனிமனிதனின் விருப்பத்தாற் பழகியதன்று, சமூகத்தாற் பழகியது. தன் தந்தைக்கு ஓதக் கேட்டவன், தனக்கு ஓதப்படும்போது நேர்வதை ஐயமின்றி அறிகின்றான். அவ்வறிவு ஒருவனுக்கு ஆறுதலாகலாம். மற்றொருவனுக்குத் தீர்ப்பு வாசிக்கப்படுவதாகவும் ஒலிக்கலாம். நாத்திகனான முதியவனின் தலைமாட்டிலும் அது ஓதப்படுவதுண்டு. அங்கே பாடல் எவருக்காக?

மேனாட்டு ஆய்வுகளும் இவ்வினாவைப் பெரும்பாலும் தவிர்த்தே செல்கின்றன. 2010இல் வெளியான கொக்ரேன் திறனாய்வு, இறுதிக்கால இசைச்சிகிச்சை பற்றி ஐந்து ஆய்வுகளையும் 175 நோயாளரையுமே கணக்கிற் கொள்ள முடிந்தது. வாழ்க்கைத்தரம் உயர்கின்றது என நிறுவுதற்குத் தரமான சான்று போதாது என்றது. இதுகொண்டு இசையை ஒதுக்குவது அவசரமாகும். அதேவேளை இசை நன்மையே செய்யும், தீங்கு செய்யாது என்ற எளிய நம்பிக்கைக்கும் இதில் இடமில்லை.

2020இல் வன்கூவரில் வெளிவந்த ஓர் ஆய்வு இப்பிரச்சினையை மேலும் கடுமையாக்குகின்றது. மரணத்துக்குச் சில மணிநேரம் முன்னர், எதற்கும் அசையாதிருந்த நோயாளர் சிலரின் மூளை, ஒலிக்கோலம் மாறியபோது அம்மாற்றத்துக்கு எதிர்வினை காட்டியதை மூளை மின்னலைப் பதிவுகள் புலப்படுத்தின. அவர்கள் கேட்டதை உணர்ந்தனரா என்பது அதனால் நிறுவப்படவில்லை. செவிப்புலனே இறுதிவரை நிற்கும் என்ற பழைய நம்பிக்கைக்கு இது ஆதரவென மகிழ்வோர் பலர். ஆயின் வேண்டாத பாட்டும் அச்செவியையே சென்றடையும். கண்ணை மூடிக்கொள்ள இமையுண்டு. செவிக்கு அது இல்லை. பேசும் ஆற்றல் உள்ளபோதே எப்பாடல் வேண்டும், பாடலே வேண்டாமா என்று நோயாளியைக் கேட்டுக் குறித்து வைக்காத சிகிச்சை, ஓதுவாரை அழைத்துவிட்டு அறைக்கு வெளியே நிற்கும் உறவினரின் செயலினின்றும் எவ்வகையில் வேறுபடுகின்றது என்பதை அத்துறையினரே விளக்குதல் வேண்டும்.