கேமராவும் மைக்கும் ஏந்திய பேராசிரியர்கள்

சல்மா, குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகிய நான்கு கவிஞர்களையும் ஒருசேரக் காட்டும் ஆவணப்படம் ஒன்று உண்டு. 2005-இல் வெளிவந்த அதன் பெயர் 'ஷீரைட்'. ஓடும் நேரம் 55 நிமிடம். எடுத்தவர்கள் தமிழ்த் திரையுலகத்தைச் சேர்ந்தவர்கள் அல்லர். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் ஊடகவியல் கற்பித்துவந்த அஞ்சலி மாண்டேரோ, கே.பி. ஜெயசங்கர் என்னும் இரு பேராசிரியர்கள்.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் படத்தின் அருமை விளங்கும். 2002-இல் வந்த குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்புக்குத் தலைப்பிலிருந்தே எதிர்ப்பு தொடங்கிவிட்டது. பெண்கள் தம் உடலைப் பற்றி எழுதலாமா என்று பத்திரிகைகளிலும் மேடைகளிலும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துவரங்குறிச்சியில் பள்ளிப் படிப்பு நிறுத்தப்பட்டு, வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, புனைபெயரில் கவிதை அனுப்பிய சல்மா அப்போது பேரூராட்சி மன்றப் பொறுப்பில் இருந்தார். சுகிர்தராணி பள்ளி ஆசிரியை. இவர்களைப் பற்றி மற்றவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், இவர்களையே பேசவைத்துப் பதிவுசெய்தது அந்தப் படம். இன்று நவீனத் தமிழ்க் கவிதையை ஆராயும் மாணவருக்கு அது ஒரு முதன்மை ஆதாரம். ஆனால் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் இப்படியொரு படம் எடுத்தால், அதை ஆராய்ச்சி என்று கணக்கில் எழுதுவதா, கலைப் பணி என்று ஓரமாக வைப்பதா? இந்தியத் தொடர்பியல் துறைகளின் கடந்த நாற்பது ஆண்டு வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்தால்தான் அவற்றின் சாதனை முழுதாகப் புலப்படும்.

இந்தத் துறைகள் தொடங்கியபோது எதிர்பார்ப்பு வேறு. 1941-இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகமும், 1947-இல் சென்னைப் பல்கலைக்கழகமும், 1951-இல் மைசூரும் இதழியல் வகுப்புகளைத் தொடங்கின. நாளிதழ்களுக்குச் செய்தியாளர்களைத் தயார்செய்வதே நோக்கம். ஆசிரியரின் வேலை பாடம் நடத்துவது. மிஞ்சினால் ஒரு வரலாற்று நூல். மைசூரின் நாடிக் கிருஷ்ணமூர்த்தி 1966-இல் வெளியிட்ட இந்திய இதழியல் வரலாறு அப்படிப்பட்ட உழைப்புதான். பல தலைமுறை மாணவர்கள் அதைப் படித்தார்கள்.

திருப்பம் தொலைக்காட்சியோடு வந்தது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி ஒளிபரப்பியது இஸ்ரோ. 'சைட்' என்று அறியப்பட்ட அந்தச் சோதனைக்குப் பிறகு, படிப்புக்கும் இந்தக் கருவி உதவும் என்ற நம்பிக்கை வலுத்தது. 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 'கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்' தூர்தர்ஷனில் தொடங்கியது. அதற்கு நிகழ்ச்சி தயாரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஸ்டுடியோக்கள் எழுந்தன, கேமராக்கள் வந்தன, படத்தொகுப்பு மேசைகள் வந்தன. இதழியல் மட்டுமே கற்பித்த வளாகங்களுக்குள் படமெடுக்கும் வசதி நுழைந்தது அப்போதுதான்.

டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா இந்த வசதிக்கு முன்பே ஆயத்தமாகியிருந்தது. துணைவேந்தராக இருந்த அன்வர் ஜமால் கித்வாய் 1982-இல் அங்கே மக்கள் தொடர்பு ஆராய்ச்சி மையத்தை நிறுவினார். கனடாவின் யார்க் பல்கலைக்கழகம் கைகொடுத்தது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் பழுத்த அனுபவம் பெற்ற ஆவணப்பட இயக்குநர் ஜேம்ஸ் பெவரிட்ஜ் வந்து பாடத்திட்டத்தை வகுக்க உதவினார். ஷாருக் கான் படித்த இடம் என்றுதான் பலருக்கு இந்த மையம் தெரியும். அதைவிடப் பெரிய செய்தி வேறு உண்டு.

அங்கே பயின்ற சில பெண்கள் 1986-இல் 'மீடியாஸ்டார்ம்' என்ற குழுவாகச் சேர்ந்தார்கள். ஜீவனாம்சம் தொடர்பான ஷா பானு வழக்கைத் தொடர்ந்து கொண்டுவரப்பட்ட முஸ்லிம் பெண்கள் மசோதா பற்றி முதல் படம் எடுத்தார்கள். 1987 செப்டம்பரில் ராஜஸ்தானின் தேவ்ராலாவில் ரூப் கன்வர் கணவனின் சிதையில் எரிந்தபோது, அதை மகிமைப்படுத்தியவர்கள் நடுவே கேமராவோடு போனார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த 'ஃப்ரம் தி பர்னிங் எம்பர்ஸ்' அந்தப் பயணத்தின் விளைவு. தூர்தர்ஷன் ஒன்றே தொலைக்காட்சியாக இருந்த காலத்தில், அரசு நிழலுக்கு வெளியே நின்று இளம் பெண்கள் வீடியோவில் எடுத்த படங்கள் இவை.

அந்தக் குழுவிலிருந்த ஷோஹினி கோஷ், சபீனா கதிஹோக் போன்றோர் பின்னர் ஜாமியாவிலேயே ஆசிரியர்களானார்கள். கோஷ் 2002-இல் கொல்கத்தாவின் பாலியல் தொழிலாளர் சங்கத்தைப் பற்றி 'டேல்ஸ் ஆஃப் தி நைட் ஃபேரிஸ்' எடுத்தார். 2010-இல் தீபா மேத்தாவின் 'ஃபயர்' படத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். கதிஹோக்கின் பாதை இன்னும் சுவையானது. 1998-இல் அவர் எடுத்த 'த்ரீ விமன் அண்ட் எ கேமரா' படம் ஹோமாய் வியாரவாலா, ஷீபா சாச்சி, தயானிதா சிங் என்ற மூன்று புகைப்படக் கலைஞர்களைப் பற்றியது. இவர்களுள் மூத்தவரான ஹோமாய்தான் இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 1913-இல் பிறந்தவர். 1947 ஆகஸ்டையும் காந்தியின் இறுதி ஊர்வலத்தையும் நேருவின் நாட்களையும் படம்பிடித்துவிட்டு, 1970-இல் கேமராவைக் கீழே வைத்தவர். பின்னாளில் வதோதராவில் ஒதுங்கி வாழ்ந்தார்.

கதிஹோக் ஒரு படத்தோடு நிறுத்தவில்லை. அந்த முதியவரோடு ஆண்டுக்கணக்கில் பேசி, ஒவ்வொரு படத்துக்கும் பின்னாலிருந்த கதையைக் கேட்டு, 2006-இல் அவருடைய வாழ்க்கையையும் படங்களையும் சேர்த்துப் பெரிய நூலாக்கினார். 2010-இல் தேசிய நவீனக் கலைக்கூடத்தில் ஹோமாயின் படங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டபோது அதை வடிவமைத்தவரும் அவரே. மறு ஆண்டு ஹோமாய்க்குப் பத்ம விபூஷண் கிடைத்தது. 2012 ஜனவரியில் அவர் மறைந்தார். ஒரு கலைஞரை நாடு உரிய காலத்தில் நினைவுகூர்ந்ததில் ஒரு வகுப்பறை ஆசிரியரின் பங்கு இவ்வளவு. படம், நூல், கண்காட்சி மூன்றும் தனித்தனிப் பணிகள் போலத் தோன்றினாலும் மூன்றும் ஒரே விசாரணையின் மூன்று வெளிப்பாடுகள். இதைத்தான் நல்ல ஆராய்ச்சி என்று சொல்ல வேண்டும்.

மாண்டேரோ, ஜெயசங்கர் இருவரின் முறை சற்று வேறு. அவர்கள் தேடிப்போனவர்களில் புகழ்பெற்றவர்கள் குறைவு. 'ஒய்சிபி 1997' புணேயின் எரவாடா மத்தியச் சிறையில் கவிதை எழுதும் கைதிகளின் படம். 2003-இல் வந்த 'நாத்தா' தாராவியில் 1992-93 கலவரத்துக்குப் பிறகு அக்கம்பக்கத்து அமைதிக்கு உழைத்த பாவ் கோர்டே, வக்கார் கான் என்ற இரு நண்பர்களைப் பின்தொடர்கிறது. தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் வாழும் தாராவியைக் குற்றமும் சாக்கடையுமாகவே திரையில் கண்டவர்களுக்கு, உழைப்பும் உறவுமாக அதைக் காட்டிய படம் அது. பிறகு கட்ச் பாலைநிலத்துக்குப் போனார்கள். ஷா அப்துல் லத்தீஃபின் பாடல்களை நெஞ்சில் சுமக்கும் மேய்ச்சல் சமூகத்தைப் பற்றிய 'ஸோ ஹெட்டன் ஸோ ஹொட்டன்' 2011-இல் வெளிவந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் சிந்துவில் வாழ்ந்த கவிஞர். இந்தப் பக்கம் குஜராத்தில் பாடுபவர்கள். பிரிட்டனின் அரச மானுடவியல் கழகம் 2013-இல் தன் திரைப்பட விழாவில் இதற்கு பாசில் ரைட் பரிசு வழங்கியது. மானுடவியலாளர்கள் ஊடகவியல் ஆசிரியர்களின் படத்தைத் தங்கள் துறைக்கான பங்களிப்பாக ஏற்றார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

எடுப்பதோடு நில்லாமல், எடுத்ததைப் பற்றிச் சிந்தித்தும் எழுதினார்கள். இந்தியச் சுயாதீன ஆவணப்படங்களைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதி 2016-இல் வெளிவந்த 'எ ஃப்ளை இன் தி கறி' நூல், தேசியத் திரைப்பட விருதுகளில் சினிமா நூல் பிரிவில் சிறப்புக் குறிப்பு பெற்றது. படமெடுப்பவரே கோட்பாடும் எழுதும்போது, தன் கையிலிருக்கும் கேமரா யாரை எப்படி நடத்துகிறது என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. அந்த நேர்மை நூல் முழுதும் இருக்கிறது.

இவர்கள் கேமராவைக் கையிலெடுத்தார்கள் என்றால், ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் தொடர்பியல் துறை வானொலிக்குக் காதுகொடுத்தது. அதன் கதையைச் சொல்ல 1995 பிப்ரவரி 9-இலிருந்து தொடங்க வேண்டும். வானலைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்று நீதிபதி பி.பி. சாவந்த் இடம்பெற்ற உச்ச நீதிமன்ற அமர்வு அன்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தும் சமூகக் குழுக்களுக்கு வானொலி கிடைக்கவில்லை. தனியார் எஃப்எம் வந்தது. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு வாசல் திறந்தது. கிராமத்துச் சங்கங்கள் வெளியிலேயே நின்றன.

அந்தக் காத்திருப்பின் காலத்தில் ஹைதராபாத் துறையின் வினோத் பாவரலா, காஞ்சன் மாலிக் இருவரும் நான்கு முயற்சிகளைக் கூர்ந்து ஆராய்ந்தார்கள். மேடக் மாவட்டத்தில் தலித் பெண்கள் நிகழ்ச்சிகளை ஒலிநாடாவில் பதிந்து சங்கக் கூட்டங்களில் ஒலிக்கவிட்டார்கள். கர்நாடகத்தின் பூதிக்கோட்டையில் 'நம்ம த்வனி' கேபிள் வழியே வீடுகளுக்குப் போனது. கட்ச்சிலும் ஜார்க்கண்டிலும் தொண்டு அமைப்புகள் அகில இந்திய வானொலியில் நேரம் பெற்று ஊர்மொழியில் ஒலிபரப்பின. உரிமம் இல்லாமலேயே வானொலி நடத்தக் கற்றுக்கொண்ட மக்களின் அனுபவம் 2007-இல் 'அதர் வாய்சஸ்' நூலாக வந்தது. அதற்குச் சற்று முன், 2006 நவம்பரில், தொண்டு அமைப்புகளும் சமூக வானொலி நடத்தலாம் என்று அரசு கொள்கையை மாற்றியிருந்தது. அந்த மாற்றத்துக்காக நடந்த நெடிய வாதங்களில் பாவரலாவும் ஒரு குரல். 2008 அக்டோபர் 15 அன்று மேடக்கின் மாச்சனூரில் 'சங்கம் ரேடியோ' வானேறியது. தொடங்கிவைத்தவர் அதே நீதிபதி சாவந்த்.

2011-இல் யுனெஸ்கோ, சமூக ஊடகத்துக்கான தன் ஆய்விருக்கையை ஹைதராபாத்தில் நிறுவியது. அங்கிருந்து வந்த பணிகளில் மிகப் பயனுள்ளது ஒரு கையேடு: சமூக வானொலி நடத்துவோர் தங்கள் நிலையத்தைத் தாங்களே மதிப்பிட்டுச் செம்மைப்படுத்த உதவுவது. ஊரார் எத்தனை பேர் நிகழ்ச்சி தயாரிப்பில் இருக்கிறார்கள், பெண்களின் குரல் கேட்கிறதா, பணம் எங்கிருந்து வருகிறது என்பன போன்ற கேள்விகளை நிலையத்தாரே தங்களிடம் கேட்டுக்கொள்ளச் செய்கிறது அது. பேராசிரியர்கள் எழுதும் எத்தனை ஏடுகளுக்கு ஒரு கிராமத்துப் பெண் அறிவிப்பாளர் வாசகராக இருப்பார்?

தமிழ்நாட்டுக்கு இந்த வரலாற்றில் முன்வரிசை இடமுண்டு. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அண்ணா எஃப்எம்' 90.4 அலைவரிசையில் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாகச் சமூக வானொலி அதுவே. பின்னாளில் நாகப்பட்டினம் அருகே விழுந்தமாவடியில் 'களஞ்சியம்', 2016-இல் பாம்பனில் மீனவர்களுக்கான 'கடல் ஓசை' என்று கடற்கரையோரம் குரல்கள் பெருகின. திரைப்பட ஆய்வுப் பக்கம் வந்தால், லயோலா கல்லூரியின் ச. ராஜநாயகம் எம்ஜிஆர், ரஜினிகாந்த் ஆகியோரின் திரைப்பிம்பம் அரசியலாக மாறும் விதத்தை ஆராய்ந்து 2015-இல் நூல் வெளியிட்டார். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் சொர்ணவேல் ஈஸ்வரன் சென்னை ஸ்டுடியோக்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக்கினார். 'சினிமா: சட்டகமும் சாளரமும்' என்று தமிழிலும் எழுதினார். சுனாமி தாக்கிய நாகப்பட்டினத்தை ஆவணப்படமாக்கினார். 'கட்டுமரம்' என்ற கதைப்படமும் இயக்கினார். ஆய்வும் படைப்பும் ஒருவரிடத்திலேயே சேர்ந்திருப்பதற்குத் தமிழில் இவரைவிட நல்ல உதாரணம் காட்டுவது கடினம்.

இத்தனைக்குப் பிறகும் பதவி உயர்வுக் கோப்பில் எடைபோடப்படுவது பெரும்பாலும் ஆய்விதழ்க் கட்டுரைகள்தாம். 2010-இல் மானியக் குழு, ஆசிரியர்களின் பணியை எண்ணால் அளக்கும் ஏபிஐ மதிப்பெண் முறையைக் கொண்டுவந்ததிலிருந்து எண்ணிக்கை மோகம் கூடியது. மூன்று ஆண்டு கள உழைப்பில் உருவான ஒரு படம், அவசரத்தில் எழுதிய கட்டுரைக்கு முன் தலைகுனிந்து நிற்பது அநீதி. இதனால் இளம் ஆசிரியர்கள் கேமராவை விட்டுக் கட்டுரைக்குத் திரும்புகிறார்கள், இழப்பு மக்களுக்குத்தான். மேலே சொன்ன படங்களில் இருப்பவர்களில் பலர் கைதிகள், மேய்ப்பர்கள், பாலியல் தொழிலாளர்கள், சேரிவாசிகள். அவர்கள் தங்களைத் தாங்களே கண்டு, சரி தவறு சொல்லக்கூடிய ஆராய்ச்சி வடிவம் படமும் ஒலியும்தான். வேறெந்த ஆய்வேடும் அந்த உரிமையை அவர்களுக்குத் தருவதில்லை.

இன்னொரு கவலை அவசரமானது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எடுத்தவை காந்த நாடாக்களில் இருக்கின்றன. நாடாவில் பூஞ்சை பிடிக்கும். அதை ஓட்டும் இயந்திரங்களும் உதிரி பாகங்களும் அருகிவருகின்றன. மின்னுருவாக்கம் செய்யாவிட்டால் ஒரு தலைமுறையின் உழைப்பு அழிந்துவிடும்.

தமிழ்நாட்டில் ஊடகவியல், காட்சித் தொடர்பியல் கற்பிக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கல்லூரியும் தன் ஆசிரியர்கள் எடுத்த படங்கள், ஒலிபரப்பிய நிகழ்ச்சிகள், நடத்திய கண்காட்சிகள் ஆகியவற்றின் முழுப் பட்டியலை ஆண்டு, ஊர், ஓடும் நேரத்தோடு வெளியிட வேண்டும். நாடாக்களை மின்னுருவாக்கி நூலகத்தில் வைத்து, பொதுமக்களும் வந்து பார்க்க வழிசெய்ய வேண்டும். பதவி உயர்வுக் குழுக்கள் ஒரு படத்தைப் பார்த்து மதிப்பிடத் துறைசார்ந்தவர்களை அழைக்க வேண்டும். தமிழ்த்துறை ஆசிரியர்கள் 'ஷீரைட்' படத்தைத் தேடிப் பெற்று, கவிதைப் பாடத்தோடு வகுப்பில் திரையிட வேண்டும். இந்த ஆண்டிலேயே தொடங்கக்கூடிய வேலைகள் இவை.