பெட்டகமா, வழிகாட்டியா?

மருத்துவமனைப் பதிவேடுகளைக் கணிப்பொறியில் ஏற்றுவோர் அனைவரும் படிக்கவேண்டிய கட்டுரை ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் லாரன்ஸ் வீட் 1968இல் எழுதியது அது. வழிகாட்டவும் கற்பிக்கவும் வல்ல மருத்துவப் பதிவேடுகள் என்பது அதன் தலைப்பின் பொருள்.

அக்காலத்துக் கோப்புகளில் டாக்டரின் குறிப்பு ஓரிடத்திலும் இரத்தப் பரிசோதனை முடிவு வேறோரிடத்திலும் கிடக்கும். இவற்றை நோயாளியின் பிரச்சினைகளை ஒட்டி அடுக்கவேண்டும் என்றார் வீட். ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஓர் எண் தரப்படும். நோயாளி கூறுவது, பரிசோதனையில் கண்டது, மருத்துவரின் கணிப்பு, அடுத்துச் செய்யவேண்டியது ஆகிய நான்கும் அந்த எண்ணின்கீழ் வரும். மூச்சுத்திணறலுக்குக் காரணம் தெரியாதபோது ‘மூச்சுத்திணறல்’ என்று மட்டுமே எழுதவேண்டும். ஊகத்தை நோயின் பெயராக்கக் கூடாது. அறிந்ததையும் அறியாததையும் பிரித்துக் காட்டும் இந்த நேர்மையே கட்டுரையின் உயிர்நாடி. பின்னர் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில், திரையை விரலால் தொட்டு இயக்கும் கணிப்பொறி அமைப்பாகவும் இதனை அவர் உருவாக்கினார்.

ஆயினும் இம்முறையில் குறைகளும் உள்ளன. நீரிழிவால் கண்ணும் சிறுநீரகமும் கெட்ட ஒருவரை மூன்று எண்களாகப் பிரித்தால், மூன்றுக்கும் வேர் ஒன்றே என்பது மறைந்துவிடக் கூடும். மேலும், எழுதும் மருத்துவருக்குப் போதிய நேரம் இருக்கும் என்று வீட் நம்பினார். அமெரிக்காவில் 2016இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, நோயாளியுடன் செலவிடும் ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணிப்பொறிக்கும் மேசை வேலைக்கும் போயிற்று.

நேரம் இல்லாதவர் என்ன செய்வார்? நேற்றைய குறிப்பைப் படியெடுப்பார். சான்பிரான்சிஸ்கோ மருத்துவமனை ஒன்றின் 23,630 குறிப்புகளை ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட முடிவில், புதிதாகத் தட்டச்சானவை 18 விழுக்காடு. படியெடுத்தவை 46 விழுக்காடு. எஞ்சியவை வேறு பகுதிகளிலிருந்து தாமாக வந்து சேர்ந்தவை. நேற்றே நிறுத்திய மருந்து இன்றைய குறிப்பில் தொடர்ந்தால், இரவுப்பணிக்கு வரும் டாக்டர் எதை நம்புவார்? பழைய தாள் மங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். திரையிலோ பழையதும் புதியதும் ஒன்றுபோலவே பளிச்சிடும்.

படியெடுத்த வரிகளைத் தனி நிறத்தில் காட்டுவது கணிப்பொறிக்கு எளிய வேலை. எத்தனை லட்சம் கோப்புகள் கொள்ளும் என்று கேட்டு அமைப்பை வாங்குவோர், நேற்றிலிருந்து இந்த நோயாளியிடம் மாறியது என்ன என்பதை அது ஒரே பார்வையில் காட்டுமா என்றும் கேட்கவேண்டும். வீட் வகுத்த அளவுகோல் அதுதான். அதற்கு இன்னும் வயதாகவில்லை.