கொலைக்களக் காதையும் சூழ்ச்சிக் கதைகளும்

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையை ஆராய்ந்தோர் பலரும் கோவலன் கொலையுண்டமைக்கு ஊழையே காரணமாகக் கூறி அமைவர். ஊழின் வலிமையை நிறுவுதலை இளங்கோவடிகள் தம் நூலின் மூன்று நோக்கங்களுள் ஒன்றாக வைத்தாராதலின், அக்கூற்றை மறுத்தற்கில்லை. எனினும், ஊழ் என்ற ஒரு சொல்லோடு ஆராய்ச்சியை முடித்துவிடுவோமாயின், அடிகள் நுணுக்கமாக வரைந்துள்ள பிறிதோர் உண்மை நம் கண்ணுக்குத் தப்பிவிடும். ஊழ் எவ்வழியாக வந்தது? மாந்தர் நெஞ்சின் வழியாகவே வந்தது. ஒரு பொய்யை அரசனும் காவலரும் படிப்படியாக ஏற்றுக்கொண்ட முறையே அவ்வழியாம். மறைவான சூழ்ச்சி ஒன்று நடக்கின்றது என்னும் கதையை மக்கள் ஏன் நம்புகின்றனர் என்று இன்றைய உளநூலார் வினவுகின்றனர். அவ்வினாவுக்கு விடைதேடும் இடங்களுள் இக்காதையும் ஒன்று என்பது எமது துணிபு.

முதற்கண் அரசன் நிலையை நோக்குவோம். ஆடன்மகளிர்பால் அரசன் உள்ளம் சென்றதென ஊடிய தேவி, தலைநோயைக் காரணங்காட்டி எழுந்து போயினள். அவ்வூடலைத் தீர்க்க அவன் விரைந்து செல்லும் வேளையிலேதான் பொற்கொல்லன் எதிர்ப்பட்டு வணங்குகின்றான். தேவியின் சிலம்பு காணாமற்போனது மெய். கவர்ந்தவன் யார் என்பதுதான் தெரியவில்லை. மெய்யான இழப்பு, தெரியாத காரணம், அமைதியற்ற நெஞ்சு ஆகிய மூன்றும் கூடிய இடத்திற் பொய் எளிதாக வேரூன்றுகின்றது. கொல்லக் கொணர்க எனக் கூறக் கருதிய மன்னன் நாப்பிறழ்ந்து வேறு கூறினான் என்று அமைதி காண்பாரும் உளர். அத்துணைத் தொலைவு செல்லவேண்டுவதில்லை. உசாவாமல் ஆணையிட்டமைக்கு அவனது விரைவே போதிய காரணமாகும்.

இவ்வுண்மையை மேனாட்டு அறிஞர் வேறு வகையாற் கண்டனர். ஆல்போர்ட், போஸ்ட்மன் என்னும் உளநூலார் 1947இல் வெளியிட்ட நூலில், செய்தி கேட்போர்க்கு எவ்வளவு முதன்மையானதோ, எவ்வளவு தெளிவற்றதோ, அவ்விரண்டன் பெருக்கத்தின் அளவே வதந்தி வலிமை பெறும் என்றனர். 1934 ஜனவரியிற் பீகாரில் நேர்ந்த பெருநிலநடுக்கத்தை அடுத்து எழுந்த வதந்திகளை இந்திய உளநூலார் ஒருவர் தொகுத்தார். நடுக்கத்தை உணர்ந்தும் அழிவு காணாத ஊர்களில், இதனினும் பெரிய அழிவு வரப்போகின்றது என்னும் பேச்சே மிகுதியாகப் பரவியிருந்தது. இதனை 1957இல் எடுத்தாண்ட பெஸ்டிங்கர், அம்மக்கள் நெஞ்சில் அச்சம் முன்னரே இருந்தது, அதற்கு ஏற்ற காரணத்தையே வதந்தி கொடுத்தது என விளக்கினார். அச்சம் கதையைத் தேடிச் செல்கின்றதேயன்றிக் கதையே எப்பொழுதும் அச்சத்தைப் படைப்பதன்று.

இனிக் காவலரிடம் வருவோம். காப்பியப் புலவரின் ஆற்றல் இங்கேதான் முழுமையாகத் தோன்றுகின்றது. கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று, இவன் கொலைக்குரியனல்லன் எனத் தயங்கினர். அவர்தம் கண் கண்ட சான்று அது. பொற்கொல்லன் அதனை மறுக்கவில்லை. எள்ளி நகைத்து, மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டினையும் துணையாகக் கொண்டோர் கள்வர் என விரித்துரைக்கின்றான். பகலிற் தூதனாகவும் இரவிற் பெண்ணாகவும் வேடம் புனைந்து அரண்மனை புகுந்து ஆரங்கவர்ந்த கள்வன் ஒருவன் கதையையும் எடுத்துக் கூறுகின்றான். இவ்வாதத்தின் நஞ்சு யாதெனின், குற்றமின்மைக்குரிய சான்றே குற்றத்துக்குரிய சான்றாக மாறிவிடுவதாம். கள்வன்போல் தோன்றினாற் கள்வன். தோன்றாவிடின் வல்ல கள்வன். இக்கண்ணியினின்று தப்பும் வழி எவனுக்கும் இல்லை.

அவ்வளவோடும் அமையவில்லை. காவலருள் இளைஞன் ஒருவன், மாரிக்காலத்து நள்ளிரவில் தன் வாளைப் பறித்துக்கொண்டு மறைந்த கள்வனைப் பற்றித் தானே கூறத் தொடங்குகின்றான். அவன் பொய் கூறினானல்லன். ஆயினும் அக்கள்வனுக்கும் கோவலனுக்கும் யாதொரு தொடர்புமில்லை. கேட்டவன் தன் பழைய அச்சத்தையும் சேர்த்துக் கதையை வளர்ப்பவனாகின்றான். ஒருவன் புனைந்தது பலர் உடைமையாயிற்று. ஈற்றில் வாளெறிந்தவன் பொற்கொல்லனுமல்லன், கதை கூறிய இளைஞனுமல்லன். கல்லாத களிமகன் ஒருவன். கதை கூறுவோர் கையிற் குருதி படிவதில்லை என்பதை இதனினும் தெளிவாகக் கூறல் அரிது.

இவை பழங்கதை என ஒதுக்கத்தக்கனவல்ல. 1936இல் இலங்கைக்கு வந்த பிரேஸ்கேர்டில் என்னும் வெள்ளையர், எமது மடுல்கெல்லையின் ரெலுகாஸ் தோட்டத்திலே தேயிலைத் தொழில் பயின்றவர். தொழிலாளர்பால் இரக்கங்காட்டியதால் அங்கிருந்து விலக்கப்பட்ட அவர், லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்து, 1937 ஏப்ரல் 3இல் நாவலப்பிட்டிக் கூட்டத்திற் பேசினார். தேசாதிபதி ஸ்டப்ஸ் அவரை நாடுகடத்த ஆணையிட்டார். உயர் நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதத்தில் அவரை விடுவித்தது. தொழிலாளர் முணுமுணுப்புக்குக் கூலியும் லயமும் காரணம் என ஏற்பின், தோட்டத்தைத் திருத்தவேண்டும்; வெளியார் ஒருவரின் தூண்டுதலே காரணம் எனின், அவரைக் கப்பலேற்றினாற் போதும். பின்னது எளிது, ஆதலின் அதிகாரத்திலிருப்போர் நெஞ்சுக்கு அதுவே இனிது. ஆயின் அவர் இந்நாட்டைவிட்டு நீங்கிய பின்னரும் தோட்டங்கள் அமைதியடையவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் வெடிபட்டுக் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். நோய் உள்ளேயிருக்க, மருந்து வெளியே தேடப்பட்டது.

அதிகாரத்தில் உள்ளோர்க்கே இது நேரும் என்பதுமில்லை. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஓர் உணவுக்கடையிற் கொத்துரொட்டியிற் கிடந்த கட்டி, சிங்கள மக்களை மலடாக்கும் மாத்திரை எனப் பேசப்பட்டது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் ஆராய்ந்து, அக்கட்டி மாவே எனத் தெரிவித்தார். அவ்வாறு நிலையாக மலடாக்கும் மாத்திரை எதுவும் இல்லையென மருத்துவ அறிஞரும் கூறினர். ஆயினும் அடுத்த சில நாள்களில், தெல்தெனியாவில் ஏற்பட்ட வீதிச் சண்டையொன்றிற் காயமுற்றவர் இறந்ததை அடுத்து, திகனையிலும் கண்டி மாவட்டத்தின் பிறவிடங்களிலும் முஸ்லிம்களின் வீடும் கடையும் எரிந்தன. ஓர் இழப்பு மெய்யாக இருந்தது. அதன்மேற் பழைய அச்சங்கள் யாவும் வந்து அமர்ந்தன. அன்று மதுரைக் காவலன் தன் மாரிக்காலத்துக் கள்வனை நினைந்தது போன்றதே இது. இதனைப் பிற இனத்தார் குறையென எண்ணி நாம் மகிழ்தல் தகாது. நம் தெருக்களிலும் இத்தகைய கதைகள் உலவாமலில்லை.

அங்ஙனமாயின் உலகிற் சூழ்ச்சியே இல்லையோ எனின், உண்டு. பொற்கொல்லன் செய்தது சூழ்ச்சியன்றோ? ஐயுறுதலே தவறென்று அடிகள் கூறினாரல்லர். ஐயுற்றதைச் சோதித்தறியும் வாயிலை அடைப்பதே தவறாகும். அச்சோதனையோ மிக எளிது. ஒரு சிலம்பின் பரல் முத்து, மற்றையதன் பரல் மாணிக்கம். உடைத்துப் பார்த்தால் உண்மை வெளிப்படும். கொலைக்களத்தில் நின்றோர் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

வழக்குரை காதையைக் கொலைக்களக் காதையின் மறுதலையாக வைத்துப் படித்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். அங்கே பாண்டியன் தன் சிலம்பின் பரல் முத்தெனத் தானே கூறுகின்றான்; கோவலன்பாற் கொண்ட சிலம்பைத் தருவித்துக் கண்ணகிமுன் வைப்பிக்கின்றான்; மாணிக்கம் தெறித்ததும் வேறு விளக்கம் தேடினானல்லன். மாணிக்கத்தை மாற்றிவைத்ததும் கள்வனின் தந்திரமே எனப் பொற்கொல்லன் வழியில் அவனும் கூறியிருக்கலாம். அரியணை காக்க அஃதொன்றே போதும். அவன் அது செய்யாது, குற்றத்தைத் தன்மேல் ஏற்று உயிர் துறந்தான். தான் நம்பியதைப் பொய்யாக்கும் சான்றுக்கு இடங்கொடுத்தமையே அவனைப் பொற்கொல்லனினின்றும் வேறுபடுத்துகின்றது. மாணாக்கர்க்கு இக்காதைகளைக் கற்பிக்கும் ஆசிரியர், ஊழின் வலிமையைக் கூறுமிடத்து இதனையும் கூறுவாராக. ஒரு கதையைக் கேட்டவுடன், இது பொய்யாயின் அதனை எவ்வாறு அறிவேன் என வினவும் பழக்கம் மாணாக்கர்க்கு உண்டாயின், களிமகன் வாளுக்கு இரையாவோர் தொகை குறையும்.